இடுக்கில் வேலை செய்ய எந்த சால்டரிங் அயன் வாங்கலாம்?



நம் மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ரப்பருக்கும் வாழைக்கும் அது நல்லது. ஆனால் வண்டியின் வயருக்கு நல்லதில்லை. ஈரம் இறங்கிய இடத்தில் செம்புக்கம்பி பச்சை பூத்து, கறுத்துப் போகும். இது போதாது என்று ரப்பர் ஷீட் காயப்போடும் ஷெட் ஓரத்தில் நிறுத்தின வண்டிக்குள் ராத்திரி எலி ஏறி வயரைக் கடித்து வைக்கும். காலையில் சாவி போட்டால் ஹாரன் இல்லை, லைட் இல்லை. சிதறாலில் இருந்து மார்த்தாண்டம் வரை தள்ளிக்கொண்டா போக முடியும்?

அதனால்தான் நம்மில் சிலர் வண்டி வயரிங் வேலை பழகத் தொடங்கினோம். வேலை பழகுவதற்கு முன்னால் சாமான் வாங்க வேண்டுமே. அதில் நாங்கள் முதலில் தப்பு செய்தோம். அந்தத் தப்பு ஏன் வந்தது, இப்போது வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் இந்த இதழின் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

முதல் அயனும் உருகிய வயரும்

குழுவில் இருந்து உள்கடன் எடுத்து வாங்கிய முதல் அயன் 25 வாட். வீட்டு கரண்டில் ஓடுவது. ‘சூடு கொறஞ்சதா வாங்குவோம், அப்பத்தான் வயரு உருகாது’ என்று எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். விலையும் சில நூறு ரூபாய்தான்.

முதல் வேலையாக வந்தது நம் உறுப்பினர் ஒருவரின் ஆம்னி வேன். மலைக்கோயில் பார்க்க வருகிறவர்களை அடிவாரம் வரை கொண்டு வந்து விடும் வண்டி அது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இருந்தால்தான் அந்த மாதத் தவணை கட்ட முடியும். டேஷ்போர்டுக்கு அடியில் ஹெட்லைட்டுக்குப் போகும் தடித்த வயரை எலி கடித்திருந்தது. ஒருத்தி மல்லாந்து படுத்துக்கொண்டு, தலையை கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் வைத்து, அயனை உள்ளே நீட்டினாள். ஈயம் உருகவில்லை. பத்து எண்ணினோம், இருபது எண்ணினோம், முப்பது எண்ணினோம். கடைசியில் ஈயம் ஒரு கட்டியாக ஒட்டிக்கொண்டது. ‘சரி, பிடிச்சிருச்சு’ என்று டேப் சுற்றி விட்டோம்.

சனிக்கிழமை ராத்திரி லைட் போட்டதும் ஃபியூஸ் போனது. பிரித்துப் பார்த்தால் நாங்கள் ஒட்டிய வயரின் மேலுறை ஒரு சாண் தூரத்துக்கு இளகி, பக்கத்து வயரோடு சேர்ந்து போயிருந்தது. ஃபியூஸ் சரியானதாக இருந்ததால் அதோடு நின்றது. அந்த இடத்தில் யாராவது ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் வண்டியே தீப்பிடித்திருக்கும். ஞாயிறு ஓட்டம் போச்சு. அந்த நஷ்டத்தைக் குழுவே ஏற்றுக்கொண்டது.

அதைச் சரி செய்து தந்த வயரிங் ஆசான் ஒன்று சொன்னார். “மக்களே, இது சூடு கூடினதால உருகினது இல்ல. சூடு கொறஞ்சதாலதான் உருகிச்சு.”

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பிறகு நம் அடுப்படியை வைத்தே புரிந்துகொண்டோம். மெல்லிய தோசைக்கல்லை சிறு தீயில் வைத்து மாவை ஊற்றினால் என்ன ஆகும்? மாவு பட்டதும் கல் ஆறிப்போகும், தோசை வேகாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கனமான இரும்புக்கல் நன்றாகக் காய்ந்திருந்தால் சட்டென்று வெந்து எழும்பி வரும். அயன் முனையும் அப்படித்தான். செம்பு சூட்டை வேகமாகக் கடத்தும். சின்ன அயனைத் தடித்த வயரில் வைத்தால் முனையின் சூட்டை வயர் இழுத்துக்கொள்ளும். நாம் அரை நிமிடம் வைத்துக்கொண்டு இருக்கிறோம். அந்த அரை நிமிடமும் சூடு கம்பி வழியாக உள்ளே ஓடுகிறது. வயரின் மேலுறை பி.வி.சி. அது 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். ஈயம் உருகுவதற்கோ 183 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே வேலை எவ்வளவு நேரத்தில் முடிகிறது என்பதுதான் முக்கியம். 3 முதல் 5 விநாடிக்குள் ஈயம் பரவி, அயனை எடுத்துவிட வேண்டும். அப்படி முடியவில்லை என்றால் அயன் அந்த வயருக்குப் போதாது.

25 வாட் அயன் கெட்டது என்று சொல்லவில்லை. இண்டிகேட்டருக்குப் போகும் மெல்லிய வயருக்கு அது போதும். ஹாரன், ஹெட்லைட் வயருக்கு 40 முதல் 60 வாட் வரை வேண்டும். பேட்டரியில் இருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் பெரிய கேபிளை சால்டரிங் செய்யவே வேண்டாம். அதற்கு லக் வைத்து அழுத்தும் பெரிய கருவி உண்டு, அது இருக்கிற கடையில் கொடுத்து விடுங்கள்.

நீளத்தையும் பாருங்கள்

இடுக்கில் வேலை செய்ய வாட் மட்டும் போதாது. கைப்பிடியில் நாம் பிடிக்கும் இடத்தில் இருந்து முனை வரை எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பேனாவை நுனிக்குப் பக்கத்தில் பிடித்து எழுதுவதற்கும், வாலில் பிடித்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். தூரம் கூடக் கூட முனை ஆடும். ஆடினால் பக்கத்து வயரைத் தொடும். 25 வாட் அயனில் பல மாடல்கள் நீளமானவை. எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது.

கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு பென்சிலை எடுத்து, அயன் பிடிப்பது போலப் பிடித்து, டேஷ்போர்டுக்கு அடியிலும் ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னாலும் கையை விட்டுப் பாருங்கள். முழங்கை எங்கே இடிக்கிறது, மணிக்கட்டு எவ்வளவு திரும்புகிறது என்று தெரிந்துவிடும். இதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆண்களின் கை நுழையாத இடத்தில் நம் கை நுழையும். ஒர்க்‌ஷாப்பில் ஆசானே “இங்கன ஒரு கை விடு பிள்ளே” என்று எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

அயனின் கேபிளும் முக்கியம். விறைப்பான கேபிள் என்றால் அது நம் கையைத் திருப்பி இழுக்கும். சிலிக்கான் உறை போட்ட கேபிள் துவளும், சுடுமுனை பட்டாலும் எளிதில் உருகாது. முனை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஊசிபோல் கூரான முனையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். இடுக்குக்கு அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் வயரைத் தொடும் பரப்பு குறைவதால் சூடு இறங்காது. உளி போலத் தட்டையாக இருக்கும் சிறு முனை நல்லது. வளைந்த முனை கிடைத்தால் மூலையில் இருக்கும் வயருக்கு உதவும்.

கடையில் என்னென்ன கிடைக்கும்?

வீட்டு கரண்டில் ஓடும் அயன் மலிவு. 60 வாட், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்ததும் கிடைக்கிறது. மேஜையில் வைத்து வேலை செய்ய இது தாராளம். ஆனால் 230 வோல்ட் கேபிளை மழை ஈரமான முற்றத்தில் இழுத்து, கதவு இடுக்கு வழியாக வண்டிக்குள் கொண்டு போவது ஆபத்து. கதவின் தகரம் கேபிளை அறுக்கும். அப்படியே செய்ய வேண்டி வந்தால் 3 பின் பிளக் உள்ளதும், எர்த் உள்ள இணைப்பும், கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் பிரேக்கரும் இருக்க வேண்டும்.

துப்பாக்கி மாதிரி பெரிய சால்டரிங் கன் ஒன்று உண்டு. சீக்கிரம் சூடாகும். கனம் கூடுதல், மூக்கும் பெரிது. இடுக்குக்கு வேண்டாம்.

கேஸ் அயன் என்பது லைட்டரில் அடைக்கும் பியூட்டேன் கேஸில் ஓடுவது. வயர் கிடையாது, நடுரோட்டிலும் வேலை செய்யலாம். அதனால் நிறைய பேருக்கு இது பிடிக்கும். ஆனால் இதன் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். அதன் வழியாக வெப்பக்காற்று வெளியே அடிக்கும். திறந்த இடத்தில் அது ஒன்றும் செய்யாது. டேஷ்போர்டுக்குள் நாம் முனையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது அந்தக் காற்று பக்கத்து வயரை உருக்கிவிடும். பெட்ரோல் குழாய்க்கும் கேஸ் சிலிண்டர் பொருத்திய வண்டிக்கும் பக்கத்தில் இதைக் கொண்டு போகவே கூடாது.

இப்போது புதிதாக, பெரிய பேனா அளவில், சூட்டைத் தானே கவனித்துக்கொள்ளும் சிறு அயன்கள் வந்திருக்கின்றன. 12 முதல் 24 வோல்ட் வரை ஓடும். சில அயன் டைப்-சி சார்ஜரிலும் ஓடும். கைப்பிடியில் டிகிரி தெரியும். பிடிக்கும் இடத்துக்கும் முனைக்கும் தூரம் குறைவு. முனை ஆறியதும் உடனே கூடுதல் கரண்ட் எடுத்துச் சூடாக்கிக்கொள்ளும். விலை கூடுதல், ஆனாலும் இடுக்கு வேலைக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் அட்டையில் எழுதியிருப்பதைக் கவனமாகப் படியுங்கள். ‘65 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது 24 வோல்ட்டில். அதே அயனை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் பாதி, அதாவது 32 வாட் கிடைக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அது தப்பு. வோல்ட் பாதியானால் அயனுக்குள் ஓடும் கரண்டும் பாதியாகும். பாதியில் பாதி கால். ஆக 16 வாட் சுற்றித்தான் கிடைக்கும். இதைத் தெரியாமல் வாங்கினால் மறுபடியும் நம் 25 வாட் கதைதான். 12 வோல்ட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ‘12 வோல்ட்டில் எத்தனை வாட்?’ என்று கேட்டு, 40 வாட்டாவது இருப்பதை வாங்குங்கள். இல்லையென்றால் அதற்கேற்ற பெரிய சார்ஜர் வேண்டும்.

கடையில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இரண்டு துண்டைக் கையோடு கொண்டு போங்கள். முறுக்கிக் கொடுத்து, ‘இதுல ஒட்டிக் காட்டுங்க அண்ணே’ என்று சொல்லுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் ஈயம் பரவுகிறதா என்று பாருங்கள். புடவைக்கடையில் பத்துப் புடவையைப் பிரித்துப் பார்க்கிறோமே, இதற்கென்ன?

பேட்டரியை என்ன செய்வது?

வயரைத் தொடுமுன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இது கட்டாயம். அப்படியானால் 12 வோல்ட் அயனை எதில் மாட்டுவது? வண்டி பேட்டரியிலேயே மாட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். சில அயனில் முனைக்கும் பேட்டரிக்கும் உள்ளே தொடர்பு இருக்கும். பாசிட்டிவ் வயரை அந்த முனை தொட்டால் தீப்பொறி பறக்கும். தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி போதும். 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84. 40 வாட் அயன் கணக்குப்படி 2 மணி நேரம் ஓட வேண்டும். நடைமுறையில் அதைவிடக் குறையும், ஆனாலும் ஒரு நாளில் வருகிற ஒட்டு வேலைக்குத் தாங்கும்.

இன்னும் இரண்டு விஷயம். மஞ்சள் உறை, மஞ்சள் கனெக்டர் உள்ள வயர் ஏர்பேக்குக்குப் போவது. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். அதை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். கரண்டில் ஓடும் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் இருக்கும். அது உயிரை எடுக்கும் அளவு வோல்ட் உள்ளது. அந்த வண்டியை கம்பெனி சர்வீசுக்கு அனுப்பி விடுங்கள்.

இடுக்குக்குள்தான் ஒட்ட வேண்டுமா?

இந்தக் கேள்வியை ஆசான் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. எலி கடித்த இடம் உள்ளே இருந்தால் ஒட்டும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. டேப் சுற்றிய வயர்க் கட்டைப் பிரித்தால் பெரும்பாலும் நான்கு விரல் அளவு வெளியே இழுக்க முடியும். முடியாவிட்டால் கெட்ட பகுதியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமன், அதே நிறத்தில் ஒரு அடி புது வயர் சேர்த்தால் இரண்டு ஒட்டும் கைக்கு எட்டும் வெளிச்சமான இடத்துக்கு வந்துவிடும். ஒரு ஒட்டுக்குப் பதில் இரண்டு ஒட்டு, அவ்வளவுதான். வயரை வெட்டும்போது உள்ளே கம்பி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்த கம்பியில் ஈயம் பிடிக்காது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். நம் ஊர் மழைக்கு இது சில நேரம் ஒரு சாண் வரை போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பெனியில் வண்டி செய்யும்போது பெரும்பாலும் வயரை அழுத்தித்தான் இணைக்கிறார்கள். கிரிம்பிங் என்பது அதுதான். ஈயம் ஊறிய இடத்தில் கம்பி விறைத்துப் போகும். வண்டி குலுங்கும்போது விறைத்த இடமும் துவளும் இடமும் சேரும் முனையில் இழை இழையாக அறுந்துவிடும். நம் மலையோர ரோட்டில் குலுக்கத்துக்குப் பஞ்சமா? அதனால் எஞ்சினை ஒட்டிய வயருக்கு நல்ல கிரிம்பிங் கருவியும் சரியான அளவு இணைப்பானும் இருந்தால் அதையே செய்யுங்கள். சால்டரிங் செய்தால் ஒட்டுக்கு இரண்டு பக்கமும் வயரை ஆடாமல் கட்டி வையுங்கள். டேப் மட்டும் போதாது. உள்ளே பசை உள்ள ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்து ஈரத்தைத் தடுக்கும். ஸ்லீவை வயரை முறுக்குவதற்கு முன்பே நுழைத்துத் தள்ளி வைக்க வேண்டும். இதை மறந்து, ஒட்டிய பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்காராதவர் எங்களில் யாரும் இல்லை!

ஈயம் என்றால் எந்த ஈயம்?

‘ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே, இதுவும் ஈயம்தானே?’ என்று பயிற்சியில் ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில். அது 232 டிகிரியில் உருகும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிப் போகிறது. வயர் ஒட்டும் ஈயக்கம்பியில் சாதாரணமாக 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயம் மட்டும் தனியாக உருக 327 டிகிரி வேண்டும். இரண்டும் கலந்தால் ஒவ்வொன்றையும்விடக் குறைந்த சூட்டில், 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வேலைக்கு அது வசதி. ஆனால் காரீயம் விஷம். எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும், வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் பாதிக்கும்.

இது புகையாக வருவதைவிட விரல் வழியாகத்தான் வாய்க்குப் போகிறது. இடுக்கில் வேலை செய்யும்போது ஒரு கையில் அயன், இன்னொரு கையில் வயர். மூன்றாவது கைக்கு எங்கே போவது என்று ஈயக்கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். ஒர்க்‌ஷாப்பில் இதைப் பார்த்து நாங்களும் செய்தோம். இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு ஆள் கூட இருந்து கம்பியைக் கொடுக்கட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலையையோ, டீ டம்ளரையோ, பிள்ளையையோ தொடாதீர்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். ஓட்டைப் பாத்திரத்தை இந்த ஈயத்தால் அடைக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், கைக்குழந்தை உள்ளவர்களும் இந்த வேலையில் இருந்து விலகி, கணக்கு, சாமான் வாங்குதல் பக்கம் இருக்கலாம். காரீயம் இல்லாத ஈயக்கம்பியும் கிடைக்கிறது. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், விலையும் கூடுதல்.

புகை எதில் இருந்து வருகிறது என்றால், ஈயக்கம்பிக்குள் இருக்கும் ரோசினில் இருந்து. நாம் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது போல பைன் மரத்தைக் கீறி எடுக்கும் பிசினில் இருந்து வருவது அது. பழைய நாளில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் நவச்சாரம் தேய்ப்பாரே, அதே வேலைதான் இதற்கும். களிம்பை எடுத்து ஈயத்தைப் பிடிக்க வைக்கும். இந்தப் புகை இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. வண்டிக்குள் முகத்தைக் கிட்டே வைத்து வேலை செய்வதால் எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள். தகரம் ஒட்டுவதற்கான அமிலப் பேஸ்டை வயரில் பூசாதீர்கள். சில மாதத்தில் வயரைத் தின்றுவிடும்.

அடுத்த பயிற்சிக்கு வருகிறவர்கள் பருத்திச் சேலையோ சுடிதாரோ உடுத்தி வாருங்கள். பாலியஸ்டர் துணி சூடு பட்டால் உருகித் தோலில் ஒட்டும். தலைமுடியை இறுக்கிக் கட்டுங்கள். கை சுட்டுவிட்டால் பேஸ்ட் தடவ வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அயனை வைக்க ஸ்டாண்டு கூட்டமைப்பில் இருக்கிறது. அதை வண்டிக்கு வெளியே ஸ்டூலில் வைப்போம், சீட்டில் வைக்க விட மாட்டோம். நெகட்டிவ் கேபிளைக் கழற்ற 10-ம் நம்பர் ஸ்பானர் ஒன்றும், பழைய வயர்த் துண்டு ஆளுக்கு பத்தும் கொண்டு வாருங்கள். எலி கடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது.